குடை அணிலைச் சாகடித்தது யார்?

முரளி,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. மேலே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் அந்த வார்த்தை வந்தால் சேர்த்துவிடுகிறேன். வராவிட்டால் நீ இப்படியே வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன்னிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. 'அம்மா ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்' என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து நம் குடும்ப குரூப்பிலும் போடப்போகிறேன். இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய பேச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த குரூப்பில் முதலில் போட்டவன் நீ. 'அம்மாவும் தங்கச்சி செல்வியும் சந்தோஷமா சம்மதிச்சுட்டாங்க, அம்பத்தூர் வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப்போறோம்' என்று போட்டாய். கீழே உன் மாமா, சித்தி, உன் கல்யாணத்துக்குப் பிறகு முகத்தையே காட்டாத ஒன்றுவிட்ட சொந்தமெல்லாம் வரிசையாகக் கைகூப்பும் படமும் பூங்கொத்தும் போட்டிருந்தார்கள். நான் சந்தோஷமாகச் சம்மதித்த விஷயம் எனக்கே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. நல்லா இருக்குடா உன் நியாயம்.

பொங்கலுக்கு நீ வந்திருந்ததிலிருந்து சொல்கிறேன். மாட்டுப் பொங்கல் அன்று மதியம், கனடாவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்து ஹாலில் டிவியோடு மாட்டினாய். அந்தக் காலத்து கேம் எல்லாம் இதற்குள் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொண்டாய். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டு கேட்டது. நான் அடுக்களையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. குடை அணில்! ஆவடி குவார்ட்டர்ஸில் நாள் முழுக்க என் காதில் ஓடிய அதே பாட்டு. எட்டிப் பார்த்தேன். அதே பச்சைச் சட்டை, அதே கோணல் பல், கையில் அதே சிவப்புக் குடை. நமக்கெல்லாம் வயசாகிவிட்டது, அந்த அணிலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

உன் மகன் ஆதவ் ஆடினான். சின்னவள் நிலா தனக்கும் வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவன் இன்னொரு ஜாய்ஸ்டிக்கை எடுத்து, முதுகுப் பக்கம் திரும்பிக்கொண்டு அதிலிருந்த பேட்டரியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வெறும் கூட்டை அவளிடம் நீட்டினான். ஐந்து வயசுக் குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து அழுத்தியது. அணில் பள்ளத்தில் விழுந்தது. 'நீ குடையை விரிக்கவில்லை, உன்னால்தான் செத்தது' என்று அவன் இங்கிலீஷில் கத்தினான். நிலாவுக்கு உதடு பிதுங்கியது. நீ தொடையில் தட்டிச் சிரித்தாய்.

"அப்படியே என்னை உரிச்சி வெச்சிகிறான் பாரும்மா! நானும் செல்வியை இப்படித்தான் ஏமாத்துவேன். அவ ஜாய்ஸ்டிக் வயரைச் சொருகவே மாட்டேன். லூசு மாதிரி அழுத்திகினே இருப்பா!"

உன் பெண்டாட்டி சிரித்தாள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அப்போது செல்வி வடைத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நீ சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"அப்போ குடையை நான் விரிக்கவே இல்லியாண்ணா?" என்று கேட்டாள்.

"நீ எங்கடி விரிச்ச? வயரு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால தொங்கிகினு கெடந்திச்சி."

"அப்போ அதை நான் சாகடிக்கலியா?"

நீ அதற்கும் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். அவளும் சிரித்துவிட்டு, நிலா தட்டில் ஒரு வடையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுக்களைக் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். தொட்டியில் ஒரு பாத்திரம் கூட இல்லை. சும்மா தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயசுப் பெண் முரளி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் அத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிற சூப்பர்வைசர். "இன்னாடி?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, இத்தினி வருசமா என் விரலுதான் ஸ்லோன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள்.

உனக்கு அந்த விரல் கதை தெரியாது. தெரிந்துகொள்ள உனக்கு நேரம் இருந்ததில்லை. இப்போது வாசி.

உங்கப்பாவுக்கு ஃபேக்டரியில் தீபாவளி போனஸ் வந்ததும் பர்மா பஜாருக்குப் போய் அந்த டிவி கேமை வாங்கி வந்தார். ஒரு கேசட்தான். அதைப் போடுவதற்கு முன் நீ வாயால் ஊதுவாய். ஊதாவிட்டால் படம் வராது. அடாப்டர் சூடு ஏறிவிடும் என்று உங்கப்பா அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்த அணில் கார்ட்டூன் வந்தால் குவார்ட்டர்ஸில் ஒரு பிள்ளை வெளியே இருக்காது. அதற்கு வாயில் நுழையாத ஏதோ இங்கிலீஷ் பெயர். நம் பிள்ளைகள் குடை அணில் என்று வைத்துவிட்டார்கள். செல்வியின் ஸ்கூல் பையில் அது, பென்சில் டப்பாவில் அது. தூங்கும்போது கூட அந்தப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். கேம் வந்ததும் அவளுக்குத் தலை கால் புரியவில்லை. உனக்கு அப்போது பதினொன்று இருக்கும், அவளுக்கு ஏழு.

அவளுக்கும் ஆடக் கொடுடா என்றேன். நீ உடனே சரி என்றாய். "ரெண்டு பேரும் ஒரே அணில ஆடலாம்மா. நான் ஓட்டறேன், அவ குடையை விரிக்கட்டும்" என்றாய். என் மனசு குளிர்ந்துபோய்விட்டது. எதிர்வீட்டு அம்மாளின் பிள்ளைகள் ஒரு மிட்டாய்க்கு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 'என் பையனைப் பாருங்க, தங்கச்சிக்கு எப்படிப் பங்கு குடுக்கிறான்' என்று தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் எல்லாம் சொல்லி வைத்தேன். பங்கு கொடுத்த லட்சணம் இப்போதுதான் தெரிகிறது.

அணில் ஓடும். பள்ளம் வரும். "இப்போ! இப்போ விரிடி!" என்று நீ கத்துவாய். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்துவாள். குடை விரிந்து அணில் மிதந்து அந்தப் பக்கம் இறங்கினால், "தாண்டிட்டேன் பாரு!" என்று நீ குதிப்பாய். விழுந்துவிட்டால், "இன்னாடி, விரின்னா விரிக்க மாட்டியா? கொன்னுட்ட!" என்பாய். ஜெயித்தால் நான், தோற்றால் நீ. நம் வீட்டு ஹாலில் அதுதான் சட்டம். அவள் தனியாகப் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த படத்திடம் "சாரி அணிலு, சாரி அணிலு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காலி சோப்பு டப்பாவைக் கட்டை விரலால் டொக்கு டொக்கு என்று அழுத்திக்கொண்டிருந்தாள். ஏன்டி என்றால், பழகுகிறாளாம். விரல் மெதுவாகப் போகிறதாம், அதனால்தான் அணில் சாகிறதாம். உங்கப்பா வேலை முடிந்து வந்ததும் அவரிடம் விரலை நீட்டினாள். "இன்னாமா, அடிபட்டிச்சா?" என்று அவர் பதறினார். "இல்லப்பா, லேட்டா அமுங்குது" என்றாள். அந்த மனுஷன் சிரிக்கவில்லை. தேங்காய் எண்ணெயைத் தொட்டு அந்தப் பிஞ்சு விரலை நீவி விட்டார். நான்தான் அறிவுகெட்டவள், "அண்ணன் கஷ்டப்பட்டு அவ்ளோ தூரம் கொண்டும்போறான், நீ பூந்து கெடுக்காதடி" என்று அவளையே அதட்டினேன். அந்த வயர் சொருகியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உன்னை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் முரளி. அது உன் அதிர்ஷ்டம், எங்கள் தலையெழுத்து.

சின்னப் பிள்ளை விளையாட்டை இத்தனை வருஷம் கழித்து இழுப்பதா என்று உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். விளையாட்டு என்றால் ஆடி முடித்ததும் எழுந்து போய்விட வேண்டும். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லையே! இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் அவள் வாயில் முதலில் வருவது "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்பதுதான். பால் பொங்கினால் சாரி, பஸ் போய்விட்டால் சாரி, மழை பெய்தால் கூடச் சாரி. அவள் புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்தபோதும் முதலில் சாரி சொன்னவள் இவள்தான். அவன் தப்பை அவன் தலையில் வைக்க அவளுக்குத் தெரியவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். யாருக்கு என்ன கெட்டாலும் அதற்குத் தான்தான் காரணம் என்று அவளுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் தெரியாமல் சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கப்பா விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது இங்கே பார்த்த டாக்டர், இந்த வயசில் ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையிலேயே ஓட்டலாம் என்றார். செல்வியும் அதையே சொன்னாள். நீ அங்கிருந்து போன் போட்டாய். "செல்வி, கூட இருக்கிறவ நீ, நீயே சொல்லு, இன்னா பண்ணலாம்?" என்று கேட்டாய். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாய்! அவள் பாவம், நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, நான் பெரிய ஆஸ்பத்திரியில பேசிட்டேன், வர்ற திங்கக்கெழம ஆபரேஷன்" என்றாய். அவளைக் கேட்பதற்கு முன்பே நாள் குறித்தாகிவிட்டது. அப்போதும் அவள் கையில் கொடுத்தது வயரில்லாத ஜாய்ஸ்டிக்தானே?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. செல்வி உனக்குத்தான் முதலில் போன் போட்டாள். நீ மீட்டிங்கில் இருப்பதாகவும், காலையில் ஆஸ்பத்திரியில் பேசுவதாகவும், அதுவரை எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்றும் சொன்னாய். காலையில் அவருக்கு நினைவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரவில்லை. நீ விமானம் பிடித்து வந்தாய், கொள்ளி வைத்தாய். அதெல்லாம் சரி. ஆனால் பதினாறாம் நாள், பந்தியில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, "பக்கத்துல இருந்தவ கொஞ்சம் உஷாரா இருந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரு" என்றாயே, அந்த வாய்க்கு என்ன வாய் என்று சொல்வது? செல்வி இலை போட்டுக்கொண்டிருந்தாள். இலையைக் கீழே வைத்துவிட்டு, "சாரிண்ணா" என்றாள். நான் அன்றைக்குத் தாலியை இழந்த மயக்கத்தில் இருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதை நம் வீட்டுப் பந்தியிலேயே பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் உங்கப்பா படத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். விளக்கேற்றும்போது தலையைக் குனிந்துகொண்டே ஏற்றுவாள். இப்போது நீ சொல், அப்பாவை அவள் சாகடித்தாளா? உன்னால்தான் போனார் என்று நானும் சொல்லமாட்டேன். வயசு ஆகிவிட்டது, விதி இருந்தது, போனார். ஆனால் முடிவெடுக்கிற கை உன்னுடையது, பழி சுமக்கிற தலை அவளுடையது. இந்தக் கணக்கைத்தான் நான் கேட்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து நீங்கள் விமானம் ஏறி, நீ குரூப்பில் அதைப் போட்ட பிறகு, ஒருநாள் காலையில் வானகரத்திலிருந்து ஒரு புரோமோட்டர் அனுப்பியதாக ஒரு பையன் வந்தான். கையில் அளக்கிற டேப். கேட்டைத் திறந்துகொண்டு நேராகப் பின்பக்கம் போய் அளக்க ஆரம்பித்துவிட்டான். யாருப்பா நீ என்றேன்.

"சாரு எல்லாம் பேசிட்டாரும்மா. ஊட்டை அளந்துகினு வரச் சொன்னாங்க. அப்பறம் உங்களுக்கு டைல்ஸ் இன்னா கலரு வோணும்னு கேட்டுக்கச் சொன்னாரு. அது உங்க இஷ்டம்தானாம்" என்றான். பையிலிருந்து ஒரு கலர் அட்டையை எடுத்து விரித்து என் மடியில் வைத்தான். சந்தனக் கலர், சாம்பல் கலர், ரோஜாக் கலர். நான் அறுபத்தெட்டு வயசுக் கிழவி, என் வீட்டை இடிக்க நாள் பார்த்தாகிவிட்டது, எனக்குத் தரையின் கலரைத் தேர்ந்தெடுக்க உரிமை கொடுத்திருக்கிறாய்! அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிலா கையிலிருந்த பேட்டரி இல்லாத கூடு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இது எனக்கு, அது அவளுக்கு. வித்தியாசம் ஒன்றும் இல்லை.

செல்வி அந்தப் பையனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். வெயிலில் வந்தவன், அவன் என்ன செய்வான். பிறகு உனக்குப் போன் போட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ என்ன சொன்னாய் என்று?

"அம்மா, எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே? பொங்கல் அன்னிக்கே கேட்டேனே, நீ சரின்னு தலையாட்டினியே!"

'வீடு ரொம்பப் பழசாயிடுச்சில்லம்மா?' என்று கேட்டாய். ஆமாம்ப்பா என்று தலையாட்டினேன். பழசைப் பழசு என்றால் இடிக்கச் சொன்னதாக ஆகுமா? நானும்தான் பழசு. இரண்டு ஃப்ளாட் வரும், இரண்டும் உன் பெயரில் இருக்கும், ஒன்றில் நான் இருக்கும்வரை இருக்கலாம் என்றாய். செல்வி எங்கே போவாள் என்றேன். "உன்கூடத்தானே இருப்பா" என்றாய். எனக்குப் பிறகு என்றேன். "அதெல்லாம் அப்போ எல்லாரும் உக்காந்து பேசிக்கலாம்மா" என்றாய். எல்லாரும்! நாளைக்கு அவள் வாடகை வீடு தேடி ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் அலையும்போது, 'நீயும்தானே சரின்னு சொன்ன' என்று அவளையே கேட்பாய். அவளும் சாரிண்ணா என்பாள்.

மறுவாரம் பவர் பத்திரம் என்று தாளை அனுப்பிவைத்தாய், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலில் புள்ளி வைத்து. என்ன கரிசனம்! ஒன்றை மறந்துவிட்டாய் கண்ணு. உங்கப்பா இந்த மனையை வாங்கும்போதே என் பெயரில்தான் எழுதினார். திருமழிசையில் எங்கப்பா நிலத்தை விற்று எனக்குக் கொடுத்த சீரில் வாங்கிய மனை இது. 'உன் வீட்டு மண்ணு, உன் பேர்லயே இருக்கட்டும்' என்றார் அந்த மனுஷன். இந்த ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு வயர் சொருகிவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். உன் பவர் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நேற்று செல்வியைக் கூட்டிக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் வீட்டை அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் இருக்கும்வரை எனக்கு இங்கே இருக்க உரிமை. எனக்குப் பிறகு முழுக்க அவளுடையது. பதிவாகிவிட்டது. இனி எவனும் டேப் எடுத்துக்கொண்டு வரமுடியாது.

அவள் சுலபத்தில் வந்துவிடவில்லை என்பதையும் தெரிந்துகொள். ஆட்டோவில் ஏறுகிறவரை, "வாணாம்மா, அண்ணன் கோச்சிக்கும், என்னாலதான் குடும்பம் ஒடஞ்சிதுன்னு சொல்லும்" என்று அழுதாள். "சொல்லட்டும்டி, ஒடச்சது நானுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றேன். ஆபீசில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒரு சின்னக் கண்ணாடி மெஷினில் கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். செல்வி விரலை வைத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், ஏழு வயசில் மூடினாளே, அதே மாதிரி. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, "எடுத்துக்குங்க, விழுந்திடிச்சி" என்றார். செல்வி கண்ணைத் திறந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் அவளுடைய ரேகை பெரிதாக வந்திருந்தது. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அம்மா, அமுக்கினா வருதும்மா" என்றாள்.

நான் அங்கேயே அழுதேன் முரளி. சுற்றி அத்தனை பேர், வெட்கமே இல்லாமல் அழுதேன். முப்பத்தெட்டு வயசில் ஒரு பெண்ணுக்குத் தன் விரல் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிய ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கிறது.

உனக்கு இது ஓரவஞ்சனையாகத் தெரியும். உன் மாமா நாளைக்கே போன் போட்டு, 'ஆம்பளப் புள்ளைய உட்டுட்டு பொண்ணுக்கு எழுதிட்டியேக்கா' என்று நாயம் பேசுவான். பேசட்டும். உனக்கு அங்கே வீடு இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது, நீ நன்றாக இரு. உன்னைப் பெற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் சாதாரணக் கோபம் இல்லை. அதை மறைத்துச் சிரித்துப் பேச இனி என்னால் முடியாது. நீ எங்களை அடித்ததில்லை, திட்டியதில்லை, மாசா மாசம் போன் பண்ணாமல் இருந்ததில்லை. எங்களை எப்போதும் கேட்டாய். கேட்டுக் கேட்டே எங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாய். அதைவிட நீ கேட்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டை இடிக்கப்போவதில்லை. மேல்தளம் ஒழுகுகிறது, அதைச் சரி பண்ணி, வெளியே பெயிண்ட் அடிக்கலாம் என்று செல்வி சொல்கிறாள். சொல்வதற்கு இன்னும் பயம்தான், ஆனால் சொல்கிறாள். அடுத்த தடவை வரும்போது உன் கையிலும் ஒரு கலர் அட்டையைக் கொடுக்கிறோம். உனக்கு எந்தக் கலர் பிடிக்கிறது என்று நீ தாராளமாகச் சொல்லலாம். எல்லோரும் உட்கார்ந்து நன்றாகக் கேட்டுக்கொள்கிறோம். எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும்.

மேலே விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீ எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், செல்விக்கும் வேண்டாம். அவள் அதற்கும் பதிலுக்கு ஒரு சாரி சொல்வாள். ஒரே ஒரு வேலை செய். உன் வீட்டில் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போய், நிலா கையில் இருக்கிறதை வாங்கிப் பின்பக்கம் திறந்து பார். பேட்டரி இல்லாவிட்டால் போட்டுக் கொடு. அணிலை அவள் சாகடிக்கவில்லை என்று அவளிடம் சொல். அவளே ஒரு தடவை அந்தக் குடையை விரித்துப் பார்க்கட்டும்.

அதைச் செய்துவிட்டுப் போன் பண்ணு. மேலே விட்ட இடத்தில் அந்த வார்த்தையை நீயே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அம்மா